காதுத் தழும்பை மறுபடி வெட்டலாமா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உங்களுக்கு வயது 24. குழந்தையாக இருந்தபோது குத்திய முதல் துளையில் ஒரு பிரச்சினையும் இல்லை. 19 வயதில் சிநேகிதிகளோடு போய் இரண்டாவது துளை போட்டீர்கள். நான்கைந்து மாதத்தில் அந்த இடத்தில் ஒரு கட்டி கிளம்பிப் புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. ஓரிடத்தில் வெட்டி எடுத்தீர்கள். எட்டு மாதத்தில் அது திரும்பி வந்து, இப்போது நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. இரவில் அரித்துக் கடிக்கிறது, தலையணையில் பட்டால் வலிக்கிறது. நெஞ்சிலும் பரு வந்து போன இடத்தில் சின்னதாக ஒரு தடிப்பு. ஒருவர் லேசரால் வெட்டச் சொல்கிறார், இன்னொருவர் ஊசி போடச் சொல்கிறார், மாமி கைவைக்கவே வேண்டாம் என்கிறார். 'இதற்கு நிரந்தரமான மருந்து எது' என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: ஆவணியில் கல்யாணம். இப்போது தை. ஆகவே இந்த ஏழு மாதத்துக்குள் மறுபடி வெட்டலாமா, வெட்டினால் மணவறையில் இருக்கும்போது அது திரும்பவும் வந்து நிற்குமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்துத் தோல் கிளினிக்குகளில் 17 வருடம் வைத்திய அதிகாரியாக வேலை செய்தவள். தோல் வைத்திய நிபுணர் அல்ல. நிபுணர் திட்டத்தை எழுதுவார், ஊசியைப் போட்டு மாதாமாதம் பார்த்து வருவது என் வேலை. அதனால் இந்தத் தழும்புகளை என் விரல்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் காதை நான் தொட்டுப் பார்க்கவில்லை என்பதை மட்டும் இதை வாசித்து முடிக்கும்வரை மனதில் வைத்திருங்கள். தொட்டுப் பார்த்தால்தான் சொல்லக்கூடிய விஷயங்கள் இதில் சில இருக்கின்றன. அவை வரும் இடத்தில் சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்லும் விதத்தைப் பார்த்தால் இது கீலோயிட். காயம் பட்ட எல்லையைத் தாண்டி, நல்ல தோலுக்குள்ளும் வளர்ந்து போகும் தழும்புக்கு அந்தப் பெயர். இதைப் போலவே தடித்துச் சிவந்து நிற்கும் இன்னொரு வகைத் தழும்பு உண்டு. அது காயத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கும், காயம் ஆறி ஒன்றிரண்டு மாதத்தில் கிளம்பும், ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே தணியத் தொடங்கும். கீலோயிட் அப்படி அல்ல. மாதங்கள் கழித்து மெதுவாகக் கிளம்பும், தானாகத் தணிவது மிக அரிது. 'எனக்கும் இப்படித்தான் இருந்தது, எண்ணெய் பூசினேன், போய்விட்டது' என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு இருந்தது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை. எண்ணெய் பூசாவிட்டாலும் அது போயிருக்கும்.

காயம் பட்டால் தோலின் உள்ளடுக்கில் இருக்கும் உயிரணுக்கள் கொலாஜன் என்ற நாரைச் சுரந்து இடைவெளியை மூடுகின்றன. மூடியதும் வேலையை நிறுத்த வேண்டும். கீலோயிட் வரும் தோலில் அந்த நிறுத்தம் வருவதில்லை. உள்ளே அழற்சி அடங்காமல் இருந்துகொண்டே இருக்கும், நார் சுரந்துகொண்டே இருக்கும். கடியும் வலியும் அதனால்தான். இது புற்றுநோய் அல்ல, தொற்றாது, இரத்தம் கெட்டதால் வருவதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் அலிபேர் என்ற வைத்தியர் இதை விவரித்தபோது முதலில் புற்றுநோயை நினைவூட்டும் ஒரு பெயரைத்தான் வைத்தார். பிறகு அந்தக் குழப்பம் வேண்டாம் என்று நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்போதைய பெயரை எடுத்தார். கட்டியிலிருந்து பக்கத்துத் தோலுக்குள் நீளும் கால்களைப் பார்த்தால் ஏன் அப்படிப் பெயர் வைத்தார் என்று புரியும்.

நண்டு என்றதும் இன்னொன்று. நண்டு, இறால், கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி, அதாவது தோலைக் கிளப்பிவிடும் சாப்பாடு, அதைத் தின்றதால்தான் தழும்பு கிளம்பியது என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். என் அம்மாவும் சொல்வார். சாப்பாட்டால் கீலோயிட் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. நண்டு உங்களுக்கு ஒவ்வாமை தந்து உடம்பெல்லாம் கடித்தால் அது வேறு கதை. இல்லையென்றால் பத்தியம் இருந்து உடம்பைக் காயப்போட வேண்டாம்.

முதல் துளையில் வராதது இரண்டாவது துளையில் ஏன் வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். கீலோயிட் பெரும்பாலும் 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில்தான் வருகிறது. குழந்தைக் காதில் குத்தும்போது அது வருவது குறைவு. 11 வயதுக்குப் பிறகு காது குத்தியவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது என்று ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். சின்ன வயதிலேயே காது குத்தும் எங்கள் வழக்கத்தில் தெரியாமலே ஒரு பாதுகாப்பு இருந்திருக்கிறது. அதோடு இது குடும்பங்களில் ஓடும், எங்களைப் போலக் கருத்த தோல் உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும். பெரியப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ தோளில் நெஞ்சில் இப்படி ஒரு தடிப்பு இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் துளையைச் சுத்தமாக வைத்திருக்காததால் வந்தது என்று யாராவது குற்றம் சொல்லியிருந்தால் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கிருமி தொற்றினால் ஆபத்து கொஞ்சம் கூடும், உண்மைதான். ஆனால் மிகச் சுத்தமாகப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வந்ததைக் கண்டிருக்கிறேன்.

சரி, நிரந்தரமான மருந்து. அப்படி ஒன்று கிடையாது. இந்தக் கட்டியை இல்லாமல் செய்யலாம், பல பேருக்குச் செய்திருக்கிறோம். ஆனால் இப்படிக் கட்டி போடும் தோலின் குணத்தை மாற்ற எந்த மருந்தும் இல்லை. அதனால் ஒரே நாளில் முடியும் சிகிச்சை என்று யார் சொன்னாலும், எந்தக் கருவியின் பெயரைச் சொன்னாலும், காசைக் கொடுக்க முன்னர் 'அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு என்ன செய்வீர்கள்' என்று கேளுங்கள். உங்களுக்கு முதல் தரம் வெட்டியது தோற்றதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வெட்டினார்கள், தையல் பிரித்தார்கள், போய் வாருங்கள் என்று விட்டுவிட்டார்கள். கீலோயிட்டை வெட்டிவிட்டு வேறொன்றும் செய்யாமல் விட்டால் பாதிப் பேருக்கு அல்லது அதற்கு மேல் திரும்பி வரும். நூறு பேரில் 45 பேருக்கு என்று சொல்லும் ஆய்வும் உண்டு, கிட்டத்தட்ட எல்லாருக்குமே என்று சொல்லும் ஆய்வும் உண்டு. கத்தி பட்ட இடமும் அந்தத் தோலுக்கு ஒரு புதுக் காயம்தானே. லேசரால் வெட்டினாலும் காயம் காயம்தான், இரத்தம் குறைவாக வரும் என்பதைத் தவிர இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை.

உலகம் முழுவதும் முதலில் கையில் எடுப்பது ஊசியைத்தான். ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீரோயிட் மருந்தைக் கட்டிக்குள்ளேயே ஏற்றுகிறோம். கட்டிக்குக் கீழே கொழுப்புக்குள் போனால் பிரயோசனம் இல்லை, அங்கே பள்ளம்தான் விழும். கட்டியின் உடம்புக்குள்ளேதான் போக வேண்டும். முதல் தரம் அது காய்ந்த பலாக்கொட்டைக்குள் ஊசி ஏற்றுவது போல இருக்கும். மருந்து உள்ளே போக மறுக்கும், பிஸ்டனை அழுத்தி அழுத்தி என் பெருவிரல் நோகும், உங்களுக்கும் சரியாக வலிக்கும். இதை மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை. வலிக்காது என்று சொல்லி முதல் ஊசி போட்டவர்கள் இரண்டாவது ஊசிக்கு வருவதில்லை. ஆனால் வலியைக் குறைக்க வழிகள் உண்டு. மரத்துப்போகும் மருந்தைச் சேர்த்துப் போடலாம், காதைச் சுற்றி முன்னரே மரக்கச் செய்யலாம், ஐஸ் வைக்கலாம். கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. இரண்டாம் மூன்றாம் தரம் கட்டி இளகிவிடும், மருந்து வழுக்கிக்கொண்டு போகும், வலியும் குறையும்.

மருந்தின் வீரியம் ஒரு மில்லிலீற்றருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை. தடித்த பழைய கட்டிக்குக் கூட, மெல்லிய தடிப்புக்குக் குறைய. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தரம் போடுவோம். கடியும் வலியும்தான் முதலில் போகும், பெரும்பாலும் ஒன்றிரண்டு ஊசியிலேயே. பிறகு இளகும், பிறகு தட்டையாகும். ஒருவருக்கு மூன்று போதும், இன்னொருவருக்கு எட்டும் போதாது. யாருக்கு எத்தனை என்பதை முதல் நாளிலேயே சொல்ல என்னால் இன்றுவரை முடிந்ததில்லை. மூன்று நான்கு ஊசிக்குப் பிறகும் ஒரு அசைவும் இல்லையென்றால் அதையே தொடராமல் வழியை மாற்ற வேண்டும். முற்றாகத் தட்டையானவர்களிலும் சிலருக்குத் திரும்பி வருகிறது. பத்தில் ஒருவருக்கு என்பது முதல் பாதிப் பேருக்கு என்பது வரை ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகிறது. கட்டியின் இடமும் வயதும் பார்த்துக்கொண்டிருந்த காலமும் வேறுபடுவதால் இந்தக் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது கடினம்.

பக்க விளைவுகளைப் பற்றி நான் செய்த ஒரு பிழையையே சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னர், வெளிநாடு போக இருந்த ஒரு பிள்ளைக்குத் தாடையில் கட்டி. போக முன்னர் கரைத்துவிட வேண்டும் என்று அவரும் அவசரப்பட்டார், நானும் இணங்கி வீரியமான மருந்தை இடைவெளி குறைத்துப் போட்டேன். கட்டி கரைந்தது. ஆனால் அந்த இடத்தில் பள்ளம் விழுந்து, தோல் மெலிந்து, வெளிறிய ஒரு திட்டு வந்துவிட்டது. அது ஓரளவு நிரம்பி நிறம் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது என்று பிறகு அறிந்தேன். எங்கள் நிறத் தோலில் வெளிறிய திட்டு கட்டியைவிடக் கூடுதலாகக் கண்ணில் படும். அன்றிலிருந்து ஒருவருக்கும் நாள் குறித்து ஊசி போட்டதில்லை. கல்யாண நாளை வைத்துக்கொண்டு 'கெதியாகப் போடுங்கள்' என்று நீங்களும் கேட்க வேண்டாம்.

இன்னொன்று, பெண்கள் கேட்கத் தயங்குவது. இந்த ஊசிக்குப் பிறகு சிலருக்கு மாதவிடாய் முன்பின்னாகும், இடையில் இரத்தம் படும். ஆபத்தில்லை, தானாகச் சரியாகும். ஆனால் கல்யாண நாளையும் கோயில் காரியங்களையும் கணக்குப் பார்த்து வைத்திருக்கும் வீட்டில் அது பெரிய பதற்றமாகிவிடும். ஆகவே கடைசி ஊசிக்கும் கல்யாணத்துக்கும் இடையில் குறைந்தது இரண்டு மாதம் விடுங்கள். சலரோகம் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சீனி ஏறலாம் என்பதையும் சொல்லி வைக்கிறேன். உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதை வாசிக்கும் வேறு யாருக்காவது இருக்கலாம்.

ஸ்டீரோயிட் மட்டும் போதாதபோது 5-ஃபுளோரோயுராசில் என்ற மருந்தைக் கலந்து போடுவார்கள். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து என்று மருந்துச் சீட்டில் பார்த்துப் பயந்து ஓடியவர்கள் உண்டு. இங்கே போடுவது மிகச் சிறிய அளவு, கட்டிக்குள் மட்டும். உயிரணுக்கள் பெருகுவதைத் தடுக்கும் அதன் குணத்துக்காகத்தான் போடுகிறோம். இரண்டையும் கலந்தால் ஸ்டீரோயிட் தனியாகப் போடுவதைவிட நன்றாகக் கேட்கிறது, பள்ளமும் குறைவாக விழுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. என் அனுபவமும் அப்படித்தான். ஆனால் கர்ப்பமாக இருக்கும்போதோ கர்ப்பத்துக்குத் தயாராகும்போதோ இதைத் தொடவே கூடாது. உங்கள் நிலையில் இது முக்கியம். கல்யாணத்துக்குப் பிறகும் சிகிச்சை தொடர்வதானால் குழந்தை எப்போது என்பதையும் வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் கீலோயிட் சிலருக்கு வேகமாக வளர்வதும் உண்டு.

இனி வெட்டுவது. வெட்டவே கூடாது என்று மாமி சொல்வது முழுக்கச் சரியல்ல. கீலோயிட் வரும் இடங்களிலேயே வெட்டுக்கு நன்றாக இணங்கும் இடம் காதின் கீழ் நுனியான காதுச்சோணைதான். நெஞ்சும் தோளும் அப்படி அல்ல. அங்கே தோல் எப்போதும் இழுபட்டுக்கொண்டிருக்கும், மூச்சு விட்டாலும் கை தூக்கினாலும் தையல் இழுபடும், அந்த இழுவையே கட்டியை வளர்க்கும். நெஞ்சில் இருக்கும் அந்தச் சின்னத் தடிப்பை யாரிடமும் வெட்டக் கொடுக்க வேண்டாம், அதற்கு ஊசியே போதும். தாலிக்கொடி அதில் உரசுமே என்று எழுதியிருந்தீர்கள். தட்டையாகிவிட்டால் உரசல் பெரிய விஷயமாக இராது.

காதைப் பொறுத்தவரை நான் தொட்டுப் பார்க்க விரும்பும் விஷயம் ஒன்று உண்டு. கட்டிக்குக் காம்பு இருக்கிறதா? விரலால் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். காம்பில் தொங்கும் காய் போல ஆடினால் அடி ஒடுங்கியது. சோணையோடு சோணையாக அகலமாக ஒட்டியிருந்தால் அடி அகன்றது. அடி ஒடுங்கியதென்றால் வெட்டு நல்ல தெரிவு, தையலும் சின்னதாக முடியும். அடி அகன்றதென்றால் முதலில் ஊசியால் இளக்கிச் சுருக்குவதே மேல் என்பது என் அபிப்பிராயம். இதில் எல்லா நிபுணர்களும் ஒரே கருத்தில் இல்லை.

வெட்டுவதானால் அதற்குப் பிந்திய ஒழுங்கை வெட்டுவதற்கு முன்னரே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வெட்டும்போதோ தையல் பிரிக்கும்போதோ முதல் ஊசி, பிறகு மாதத்துக்கு ஒன்றாகச் சில மாதம். காயம் ஆறியதும் அழுத்தக் கிளிப். சோணையை இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தும் தட்டையான கிளிப் அது, கம்மல் போலவே அழகாகச் செய்தும் விற்கிறார்கள். ஒரு நாளில் 12 மணி நேரமாவது, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை போட வேண்டும். இரவில் மட்டும் போட்டு நன்றாக வந்தவர்களையும் கண்டிருக்கிறேன், ஆனால் அதை நம்பி நான் சொல்லமாட்டேன். அழுத்தம் கூடித் தோல் வெளிறினால் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் புண்ணாகும். இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்குக் காதுக் கட்டி திரும்புவது வெகுவாகக் குறைகிறது. இடையில் விட்டவர்கள்தான் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நாவற்குழி தாண்டி, தீவுப் பக்கமிருந்து, வேலைக்கு லீவு போட்டு, பஸ் பிடித்து, கட்டியே இல்லாத காதுக்கு ஊசி போட வருவது எவருக்கும் பஞ்சிதான்.

வெட்டிய பிறகு கதிர்ச்சிகிச்சை கொடுப்பதும் உண்டு. திரும்பி வருவதைத் தடுப்பதில் அதற்குப் பலமான இடம் இருக்கிறது. வெட்டி 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால் சத்திரசிகிச்சைக்காரரும் கதிர்ச்சிகிச்சைக்காரரும் முன்னரே பேசி நாள் ஒழுங்கு செய்ய வேண்டும். அந்த இயந்திரங்கள் புற்றுநோய்ப் பிரிவுகளில் இருப்பதால், புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் தெல்லிப்பழை என்ற பேச்சு வந்தாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். கதிரால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் ஆபத்து மிகச் சிறியது, ஆனால் முற்றாக இல்லை என்று சொல்ல முடியாது. உங்கள் வயதுக்கும், கழுத்துத் தைரொயிட்டுக்குக் கிட்ட என்பதற்கும், நான் இதை முதல் தெரிவாகச் சொல்லமாட்டேன். ஒழுங்காகச் செய்த இரண்டாவது வெட்டும் தோற்றால் அப்போது பேசலாம்.

திரவ நைதரசனால் உறைய வைப்பது சின்னக் கட்டிகளுக்கு நல்லது. ஊசிக்கு முன்னர் கொஞ்சம் உறைய வைத்தால் கட்டி வீங்கி இளகும், மருந்து இலகுவாக ஏறும். ஆனால் கருத்த தோலில் வெள்ளைத் திட்டு விட்டுப்போகும், சில வேளை நிரந்தரமாகவே. லேசர்களில் சில சிவப்பையும் கடியையும் குறைக்கின்றன, சில ஊசி மருந்து உள்ளே இறங்கத் துளை போட உதவுகின்றன. தனியாக லேசர் மட்டும் கீலோயிட்டைத் தீர்க்கும் என்று நம்புவதற்கு இதுவரை போதிய ஆதாரம் இல்லை. விலையும் அதிகம்.

பாமசியில் கிடைக்கும் சிலிக்கன் தாளை எங்கும் பரிந்துரைக்கிறார்கள், நானும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அதன் ஆதாரம் பலவீனமானது என்பதை மறைக்கக் கூடாது. வளர்ந்து நிற்கும் கட்டியை அது கரைக்காது. புதுக் காயம் கட்டியாகாமல் இருக்க உதவலாம், அதுவும் நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் மாதக்கணக்கில் ஒட்டியிருந்தால். எங்கள் சித்திரை வெயிலில் அதற்குள் வியர்த்து வேர்க்குரு போடும். தினமும் கழற்றிக் கழுவிக் காயவைத்து ஒட்ட வேண்டும். வெங்காயச் சாற்றுக் களிம்பு, விற்றமின் ஈ எண்ணெய் இரண்டுக்கும் கீலோயிட்டில் நம்பக்கூடிய பலன் காட்டப்படவில்லை. விற்றமின் ஈ பூசிச் சிலருக்குத் தோல் அழன்று போவதும் உண்டு. சுண்ணாம்பு பூசுவது, நூல் கட்டி இறுக்குவது, சூடு வைப்பது ஆகியவற்றை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம். நூல் கட்டி அறுந்து விழுந்த இடத்தில் இரண்டு மடங்காக வளர்ந்து வந்த ஒரு காதை நான் மறக்கவில்லை.

சரி, உங்கள் ஏழு மாதம். காம்பு ஒடுங்கியதாக இருந்தால், யாழ் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில் காட்டி, அவர்கள் வழியாகப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போய், வெட்டுவதானால் மாசி பங்குனிக்குள் வெட்டிவிடுங்கள். அப்படியென்றால் ஊசி நான்கும் கிளிப் போட்ட சில மாதமும் ஆவணிக்கு முன்னர் உள்ளே போய்விடும். திரும்பி வருவது பெரும்பாலும் மெதுவாகத்தான் என்பதால் மணவறையில் உங்கள் காது நன்றாக இருப்பதற்கே சாத்தியம் அதிகம். ஆனால் கல்யாண அலைச்சலில் கிளினிக்கைத் தவறவிடமாட்டேன் என்று உங்களுக்கு உறுதி இருக்க வேண்டும். அந்த உறுதி இல்லையென்றால், அல்லது அடி அகன்றதென்றால், இப்போது வெட்ட வேண்டாம். இந்த மாதமே ஊசி தொடங்குங்கள், ஆனி தொடக்கத்தில் நிறுத்துங்கள். முற்றாகப் போகாவிட்டாலும் கடி போய், நிறம் தணிந்து, பாதியாவது அமர்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மிச்சத்தை ஜிமிக்கியும் தலையலங்காரமும் மறைக்கும். அந்தத் துளையில் தோடு போட வேண்டாம், கிளிப் தோடு வாங்குங்கள். சித்திரை வைகாசியில் மட்டும் புதிதாக வெட்டுக்கு இணங்க வேண்டாம். காயம் ஆறிக் கட்டி எழும்பப் பார்க்கும் நேரமும் கல்யாணமும் ஒன்றாக வந்து நிற்கும்.

இது உங்களுக்கு மட்டுமல்ல, இந்தத் தோல் உள்ள எல்லாருக்கும். மூன்றாவது துளை, மூக்குத்தித் துளை, பச்சை குத்துவது வேண்டாம். நெஞ்சிலும் முதுகிலும் பரு வந்தால் கிள்ளாமல் உடனே மருந்து எடுங்கள், பருவை அடக்குவதே கீலோயிட்டைத் தடுப்பது. எந்தச் சத்திரசிகிச்சைக்குப் போனாலும், நாளைக்குப் பிள்ளைப்பேற்றுக்கு வயிறு கீறுவதானாலும், எனக்குக் கீலோயிட் வரும் என்று முன்னரே சொல்லுங்கள். உங்கள் தம்பி நல்லூரில் தூக்குக்காவடி எடுக்க நேர்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நேர்த்தியை விடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் செடில் என்ற கொக்கிகளைக் குத்தும் மேல்முதுகு கீலோயிட் மிக இலகுவாக வரும் இடங்களில் ஒன்று. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு இந்தக் குணம் பொதுவாக இருக்கலாம். குத்தாத காவடியும் அதே முருகனுக்குத்தான், வீட்டில் பேசிப் பாருங்கள். எங்கள் ஊரில் போரில் எறிகணைத் துண்டு பட்ட தழும்புகளோடு இருக்கும் பலருக்கு இந்தக் கட்டிகள் 30 வருடமாக இருக்கின்றன. இத்தனை காலத்துக்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்கள் நினைக்கிறார்கள். கட்டி பழையதானால் மெதுவாகத்தான் கேட்கும், ஆனால் கடியையும் வலியையும் இப்போதும் குறைக்கலாம். அப்படி யாராவது வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள்.

கட்டி திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, புண்ணாகி இரத்தம் கசிந்தாலோ, காயமே படாத இடத்தில் கிளம்பினாலோ காத்திருக்க வேண்டாம். கீலோயிட் போலவே தோன்றும் வேறு கட்டிகள் அரிதாக இருக்கின்றன, அவற்றைத் துண்டெடுத்துப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். முதல் தரம் வெட்டிய இடத்தில் அந்தத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். அறிக்கை இருந்தால் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். இல்லையென்றாலும் வெட்டிய திகதி, அதற்குப் பிறகு ஏதாவது ஊசி போட்டார்களா என்பது, பழைய படங்கள் இருந்தால் அவை, எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். இன்றைக்குக் காதுக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் குத்தியை வைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள், மாதாமாதம் அதே வெளிச்சத்தில் இன்னொன்று. ஊசி கேட்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாடி சரியாகச் சொல்லாது, அந்தப் படங்கள் சொல்லும். காம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.